வாளி

கச்சேரி மதிலோரம் மான்கள்
சோற்றுப் பார்சல் தாளை மென்றுகொண்டு நிற்கும்.
இந்த ஊர் மான்களுக்கு மனிதப் பயம் இல்லை என்பார்கள்.
ஆனாலும் யாராவது தலையைச் சொறியக்
கையைத் தூக்கினால் போதும்,
கழுத்து நிமிர்ந்துவிடும்,
காது விறைத்துவிடும்.
கல் எதுவும் வந்திராது.

போன மாசியில் லலந்தவிடம் சொன்னேன்:
கந்தளாய்ச் சோதனைச் சாவடிக்கு
ஒரே பஸ்ஸில்தான் வந்தோம், மச்சான்.
நான் இறங்கி, பையைத் திறந்து,
ஈரத் துவாயை உதறிக் காட்டி,
வரிசையில் நடந்து அந்தப் பக்கம் போய் ஏறினேன்.
நீ யன்னலோரம் நித்திரை.
குற்றமாகச் சொல்லவில்லை,
அந்த நித்திரையின் விலை தெரியுமா என்றுதான் கேட்டேன்.

அவன் தேத்தண்ணீரைக் கீழே வைத்தான்.
"நானா உங்களை இறங்கச் சொன்னது?
என்ட அண்ணா முகமாலையில செத்தது,
அது தெரியுமா?"
தெரியும். செத்தவீட்டுக்குப் போயிருக்கிறேன்.
மறுநாள் ஒரு பை றம்புட்டான்
மேசையில் வைத்துவிட்டுப் பேசாமல் போனான்.
சாப்பிட்டேன். இனித்தது. கோபம் போகவில்லை.
இறங்காதவனுக்கு எப்படி விளங்கும் என்று
மனைவியிடம் அன்றிரவு நன்றாகத்தான் பேசினேன்.

நேற்று சுனாமிக் கதை வந்தது.
நான்தான் எடுத்தேன், எடுக்கிற பழக்கம் எனக்குண்டு:
கரையோரக் கிணறெல்லாம் உப்பாய்ப்போன அந்தக் கிழமை
எங்கள் படலையைப் பூட்டவேயில்லை.
பெயர்தான் உவர்மலை, கிணறு இளநீர்.
லிங்கநகரிலிருந்தும் வந்தார்கள்.
நானே நின்று அள்ளி அள்ளி வார்த்தேன்,
உள்ளங்கை கொப்பளம் போட்டது.

காணிப் பிரிவுக்குப் புதிதாய் வந்த பவளராணி
கோப்புக்கு நூல் கட்டியபடியே சொன்னாள்:
"தெரியும் சேர். நானும் வந்தேன்,
பன்னண்டு வயசு.
தண்ணி கொடுத்தீங்க.
வாளியக் கொடுக்கல."
சொல்லிவிட்டு அடுத்த கோப்பை எடுத்தாள்.

நான் சொன்னவை:
நான் அப்படிப்பட்ட ஆளில்லை.
உங்களுக்குக் கை நோகக்கூடாதே என்றுதான்.
அது அம்மாவின் வாளி.
பழசை ஏன் இப்போது?
என் மச்சினனை வானில் ஏற்றிக்கொண்டு போனார்கள்,
இன்றுவரை இல்லை,
அது தெரியுமா உனக்கு?

கடைசி வரி வாயை விட்டுப் போகும்போதே
அதை எங்கே கேட்டேன் என்று நினைவு வந்தது.

பொய் சொல்லியிருந்தால் லேசு.
எல்லாம் உண்மை.
மச்சினன் உண்மை, கொப்பளம் உண்மை,
முகமாலையும் உண்மை.
அவள் கேட்டதற்குப் பதில்தான் அதில் எங்குமில்லை.
அவள் கேட்கவுமில்லை.
சொறியத்தான் கையைத் தூக்கினாள்.

இரவு கிணற்றடிக்குப் போனேன்.
இப்போது மோட்டர். கப்பியில் குளவிக் கூடு.
வாளி எங்கே என்றேன்.
எந்த வாளி என்றாள் மனைவி.
இன்னாருக்குக் கொடுக்காதே என்று
எனக்கு யாரும் சொல்லித் தந்ததில்லை, சத்தியமாய்.
பக்கத்து வீட்டு ஓவசியர் வந்தபோது மட்டும்
கயிற்றை அவர் கையில் விட்டுத் தள்ளி நின்றிருக்கிறேன்.
கைக்குத் தெரிந்திருக்கிறது.
நான் யன்னலோரம் நித்திரை.

இன்று பின்னேரம் சந்தையடியில்
கறுத்தக் கொழும்பான் குவிந்து கிடந்தது.
ஒரு கிலோ என்றேன்.
லலந்தவின் பை நினைவு வந்தது. வேண்டாம் என்றேன்.
வெறுங்கையோடு போனால்
வாயால் அல்லவா சொல்ல வேண்டும்.
ஒன்றை எடுத்து மணந்தேன், வைத்தேன்,
மறுபடி எடுத்தேன்.

முபாரிஸ் நானா தராசைத் தூக்கிப் பிடித்தபடியே நிற்கிறார்:
"எடுக்கிறதா இல்லையா சேர்,
மஃரிபுக்கு நேரமாகுது."